கண்ணுக்கு விற்றமின் போட்டால் போதுமா? சலரோகக்காரர் விடும் பிழைகள்

மாமி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு போத்தல் இருக்கிறது. கனடாவிலிருந்து மகன் அனுப்பியது, லேபிளில் பெரிய கண் படம். மாமிக்குச் சலரோகம் வந்து 12 வருடம். "கண் வடிவாத் தெரியுது பிள்ளை, விற்றமினும் போடுறன். பிறகேன் கிளினிக்கில போய்க் காத்துக் கிடக்கிறது?" என்பார். யாழ்ப்பாணத்தில் கனபேர் வீட்டில் இதே கதைதான்.

அந்த வகைக் குளிசையின் கலவை, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001இலும் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகளில் இருந்து வந்தது. வயது போனவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் நோய் முற்றுவதை அது ஓரளவு தாமதப்படுத்தும். சலரோகம் கண்ணில் செய்வது வேறு வேலை. இரத்தத்தில் கூடிய சீனி விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அவை கசியும், அடைபடும். பிறகு எளிதில் உடையும் புதுக் குழாய்கள் முளைக்கும். இவ்வளவுக்கும் வலி இருக்காது, பார்வையும் கனகாலம் வடிவாகவே இருக்கும். ஆகவே "தெரியுது" என்பது கண் நலமாக இருப்பதற்குச் சாட்சி அல்ல.

பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகைச் சலரோகம் என்றால் கண்டுபிடித்தவுடனேயும், பிறகு பொதுவாக வருடத்துக்கு ஒரு முறையும், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துக் காட்டுவது இந்தச் சோதனை ஆகாது. சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியே போகாமல் ஆரையாவது கூட்டிப் போங்கள்.

அடுத்தது, கண்ணுக்கு நல்லதென்று சாப்பிடும் கரட். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், உண்மை. முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும் அடிக்கடி சமைக்கும் வீட்டில் அதற்குக் குறைவிராது. அதற்கு மேல் சாப்பிடுவதால் பழுதான குழாய் திருந்தாது. இரண்டு கரண்டி சீனி போட்ட கரட் ஜூஸ் கண்ணுக்குக் கெடுதல்தான். விற்றமின் ஏ மாத்திரைகளை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் ஈரல் கெடும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து. புகைப்பவர்கள் பீற்றா கரோட்டீன் (உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறும் பொருள்) குளிசைகளைத் தொடவே வேண்டாம், நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும்.

உண்மையில் சோதிக்க வேண்டிய விற்றமின் ஒன்று உண்டு: பி12. சலரோகத்துக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையை வருடக்கணக்கில் போடுபவர்களுக்கு அது குறையலாம். மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான் பி12 இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள் சைவம் ஒன்றும் செய்யாது, ஈரலில் உள்ள சேமிப்பு வருடக்கணக்கில் வரும். ஆனால் ஆண்டு முழுக்கச் சைவம், பாலும் குறைவு, அதோடு மெற்போமின் என்றால் கவனம். கால் விறைப்பைச் "சலரோகம்தானே" என்று விட்டுவிடுவார்கள். பி12 குறைவாலும் விறைக்கும். கடுமையாகக் குறைந்தால் பார்வை நரம்பும் கெடலாம். அதற்காக மெற்போமினை நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

சீனி ஏறி இறங்கும் நாட்களில் புதுக் கண்ணாடி எடுப்பதும் வீண்செலவு. கண்ணின் வில்லை வீங்கி வற்றுவதால் பவர் மாறிக்கொண்டே இருக்கும். சீனி சில கிழமை ஒரு நிலையில் நின்ற பிறகு எடுக்கலாம். ஆனால் திடீரென்று கண்ணில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால், திரை விழுந்த மாதிரி இருந்தால், அடுத்த கிளினிக் திகதி வரை நிற்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.