டர்போ மாட்டிய காரில் காலைக் குலுக்கல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் குலுங்குகிற காரை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுவதுதான் முதல் தவறு. குலசேகரத்தில் கிளம்பி நாகர்கோவில் பட்டறை சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, வண்டி சமர்த்தாக நிற்கும். “ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி” என்று மெக்கானிக் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள்.

பழியை டர்போ மேல் போடுவது அடுத்த தவறு. ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் காற்று, கிடையாது. எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் வெற்றிடம்தான் இருக்கும். டர்போ மாட்டும்போது கழற்றிய ஹோஸ்களைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளிழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கட் எதிலாவது காற்று கசியும். சூடானதும் ரப்பரும் கேஸ்கட்டும் விரிந்து கசிவு அடங்கிவிடலாம் என்பதால், கசிவைக் கண்டுபிடிக்கப் புகை விட்டுப் பார்ப்பதையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும்.

பலரும் பணத்தைத் தொலைக்கிற இடம், சைலன்சர் புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை வைத்துக் கலவையைச் சொல்லும் வைட்பேண்டு மீட்டர். மீட்டர் லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டுகிறது, உடனே லேப்டாப்பைத் திறந்து இசியுவில் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டுகிறார்கள். ஆனால் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால் (பெட்ரோல் தீப்பிடிக்காமல் விட்டால்) எரியாத ஆக்ஸிஜன் அப்படியே சைலன்சருக்குப் போகும். சென்சாருக்குத் தெரிவது ஆக்ஸிஜன் மட்டும்தான். கூடவே போகிற எரியாத பெட்ரோல் அதன் கணக்கில் வராது. ஆக, ரிச்சாகி (பெட்ரோல் கூடி) மிஸ்ஸிங் அடிக்கிற எஞ்சினும் லீன் என்றே காட்டும். நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், பிளக் இன்னும் நனையும். லேப்டாப்பைத் தொடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். கறுத்து, பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தால் கூட்டக் கூடாது. பூஸ்டுக்காகக் கூடுதல் ‘கோல்டு’ பிளக் (வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும் வகை) போட்டிருந்தால், பக்கத்துக் கடைக்குப் போய் வருகிற ஓட்டத்திலேயே கரி பிடிக்கும்.

சரி, நிஜமாகவே லீனாக இருந்தால்? இப்போது பங்கில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்கிற காற்று விகிதம் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்பது) ஈ20க்கு ஏறத்தாழ 13.5. பழைய கணக்கில் போட்ட மேப் (எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று இசியுவில் ஏற்றிய அட்டவணை) அந்த அளவுக்கு லீனாகத்தான் ஓடும். சூடான பிறகு ஆக்ஸிஜன் சென்சாரின் திருத்தம் இதை மூடி மறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் அந்தத் திருத்தம் வேலை செய்யாது.

இன்னொன்று, குளிர் நாட்டுக்காரர் மேப்பை அப்படியே ஏற்றுவது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமெல்லாம் கூலண்ட் 10 டிகிரிக்கு இறங்கப் போவதில்லை. இங்கே திருத்த வேண்டியது 20 முதல் 70 டிகிரி வரையிலான வார்ம்-அப் அளவுகளைத்தான் (எஞ்சின் சூடாகும்வரை கூடுதலாக விடும் பெட்ரோல்). அதற்கும் முன்னால், சாவியை ஆன் மட்டும் செய்து, கூலண்ட் சென்சாரும் உள்ளிழுக்கும் காற்றின் சென்சாரும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கூலண்ட் மட்டும் 50 என்றால் சென்சார், வயரிங் அல்லது இசியுவில் கொடுத்த சென்சார் அளவு தப்பு. எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பி இசியு பெட்ரோலைக் குறைத்துவிடும்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, அதன் டெட் டைமை (மின்சாரம் வந்த பிறகு அது திறக்க எடுக்கும் நேரம்) இசியுவில் பழையபடியே விடுவதும் உண்டு. ரேடியேட்டர் ஃபேன் ஓடி வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் குலுக்கல் கூடினால் அங்கே பாருங்கள்.

ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை ஏற்றி மறைக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டி என்றால் எர்த் வயரின் முனையையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்திருக்கும்.