நாலு வாய் மட்டுமே சாப்பிடும் குழந்தைக்கு நெத்திலிச் சோறு

"பிள்ளை நாலு வாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறது" என்று மண்டபம், பாம்பன் பக்கத்துத் தாய்மார்கள் கலங்குவதை அடிக்கடி கேட்கிறேன். ஐந்தாவது வாயைத் திணிக்கப் போராடாதீர்கள். அந்த நாலு வாய்க்குள் சத்தை ஏற்றுவோம். ஒரு வயது நிரம்பிய குழந்தைகளுக்கான முறை இது.

1. மீன் வாங்குவது
நெத்திலி அல்லது சூடை வாங்குங்கள். புரதம் நிறைந்தவை, விலையும் கட்டுப்படியாகும். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்றாலும் நாட்டுப்படகு மீன் கிடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். சின்னக் குழந்தைக்கு வேண்டாம்.

2. முள் எடுப்பது
இதில் அவசரமே கூடாது. நெத்திலியின் தலையைக் கிள்ளி மெதுவாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். மஞ்சள் தூள் போட்டு இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் கட்டைவிரலால் வயிற்றுப் பக்கம் பிளந்து, வாலோடு சேர்த்து நடுமுள்ளை உருவி எடுங்கள். பிறகு சதையை விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய முள்ளும் விரலில் தட்டுப்படும்.

பெரியவர்களுக்கு வைத்த குழம்பிலிருந்து மீனை எடுத்துக் கழுவி ஊட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நம் முண்டு மிளகாயின் காரம் சதைக்குள் ஏறியிருக்கும், கழுவினால் போகாது. குழந்தையின் பங்கை முதலிலேயே தனியாக எடுத்துவையுங்கள்.

3. சோறு
ஒரு கைப்பிடி பச்சரிசி, அரைக் கைப்பிடி பாசிப்பருப்பு, கொஞ்சம் முருங்கைக்கீரை. குழைய வேகவைத்து, மீனைப் பிசைந்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விடுங்கள். அந்த ஒரு கரண்டியே சுமார் 40 கலோரி தரும். சோற்றின் அளவும் அதிகமாகாது. கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும்.

முதல் தடவை மீன் கொடுக்கிறீர்கள் என்றால் ஒரே ஒரு சிறு துண்டு போதும். உடம்பில் தடிப்பு, வாந்தி, முக வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

4. பசிக்க விடுவது
காலையில் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்குப் பால், பிறகு சோறு என்றால் எந்தப் பிள்ளைக்குப் பசிக்கும்? டீ வேண்டவே வேண்டாம்; அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் மட்டும் கொடுங்கள். செல்போனைக் காட்டாமல், நீங்களும் உடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம்.

5. எடை
மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பாருங்கள். சத்துமாவும் வாங்கி வாருங்கள். எடை இரண்டு மாதமாக ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால், அது கடுமையான ஊட்டக்குறைவு. வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.