நீண்ட நாள் வீகன் உணவுக்குப் பிறகு மறுபடியும் கறி: வயிறு கெடாமல் தொடங்குவது எப்படி

இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடாமல் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்துவிட்டு மறுபடி சாப்பிட நினைப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், வயிறு ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான். ஏற்றுக்கொள்ளும். பருப்பிலும் சுண்டலிலும் இருக்கும் புரதத்தைச் செரிக்கிற அதே நொதிகள்தான் ஆட்டுக்கறியையும் செரிக்கின்றன. நீங்கள் சைவமாக இருந்த காலம் முழுக்க அவை வேலை செய்துகொண்டேதான் இருந்தன. கறியைச் செரிப்பதை உடம்பு மறந்துவிடும் என்று சொல்வதில் உண்மை இல்லை.

தொல்லை வருவது வேறு வழியில். பழக்கம் விட்டுப்போன வயிற்றில் ஒரே வேளையில் இறங்கும் கொழுப்பு, எண்ணெய், மசாலா ஒரு பக்கம். கறி சமைக்கும் நாளில் பொரியலும் கீரையும் வீட்டில் காணாமல் போய்விடுவது இன்னொரு பக்கம். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்கும் நடப்பது இதுதான். ஒரு மாத விரதத்துக்குப் பிறகு என்றால் இரண்டு மூன்று நாள் நிதானம் போதும். ஆறு மாதத்துக்கு மேல் முழுத் தாவர உணவில் இருந்தவர்கள் நான்கு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் ரத்தப் பரிசோதனை

பலர் திரும்புவது சோர்வு, முடி உதிர்வு, கால் மதமதப்பு போன்ற காரணங்களால்தான். அப்படியென்றால் கறிக்கடைக்குப் போகும் முன் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, வைட்டமின் பி12, ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, கொழுப்பு அளவுகள் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். கறி சாப்பிடத் தொடங்கிய பிறகு பார்த்தால், ஆரம்பத்தில் எவ்வளவு குறைவாக இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.

இதில் பி12 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாவர உணவில் நம்பத்தகுந்த அளவில் அது கிடையாது. நம் ஈரலில் சேர்ந்திருக்கும் இருப்பு சில வருடங்கள் தாக்குப்பிடிக்கும் என்பதால், மாத்திரை எடுக்காத வீகன்களுக்குக் குறைபாடு மெதுவாக, சத்தமில்லாமல் வரும். கீரை, பயறு நிறையச் சாப்பிடுகிறவர்களின் உடம்பில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாக இருக்கும். அது ரத்தசோகையை வெளியே தெரியாமல் மூடிவிடும். நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது என்பது இதனால்தான். பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தாலோ, பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், வழுவழுவென்று சிவந்த நாக்கு ஆகியவை இருந்தாலோ, கறிச்சாப்பாட்டை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவர் சொல்லும் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்ள வேண்டும். நரம்பு பாதிப்பு நாள்பட்டால் முழுவதும் சரியாகாமலே போகலாம்.

சாப்பாட்டை மட்டும் நம்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது. உணவிலுள்ள பி12-ஐக் குடல் ஒரு வேளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம்தான் முறையாக உறிஞ்சும். அதற்கு மேல் போவதில் மிகச் சிறு பங்குதான் சேரும். ஆகவே ஒரே நாளில் கால் கிலோ ஈரல் தின்று கணக்கைத் தீர்க்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுவதே பயன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்கள், 50 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு உணவிலிருந்து பி12 இன்னும் குறைவாகவே சேரும்.

யூரிக் அமிலம், சிறுநீரகக் கோளாறு, பித்தப்பைக் கல் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று குறைத்தால் மருந்தின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரை போகலாம். கறி வந்தாலும் கீரை பழைய அளவிலேயே இருக்கட்டும்.

முதல் வாரம்: முட்டை

முழுதாக வேகவைத்த முட்டை, நாளுக்கு ஒன்று. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம். அரைவேக்காடும் ஆம்லெட்டும் இப்போது வேண்டாம். ஆம்லெட்டில் எண்ணெயும் சேருவதால், வயிறு பொருமினால் காரணம் முட்டையா எண்ணெயா என்று பிரித்துப் பார்க்க முடியாது. மதிய வேளையில் சாப்பிடுங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பகலிலேயே தெரியும், மருத்துவமனையும் திறந்திருக்கும். இரவில் தொடங்கினால் நெஞ்செரிச்சலையும் தூக்கமின்மையையும் கூடவே வாங்கிக்கொள்வீர்கள்.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. பி12 சுமார் அரை மைக்ரோகிராம் இருந்தாலும், அதில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். முட்டை வயிற்றைப் பழக்குவதற்கு. குறைபாட்டைச் சரிசெய்வதற்கு அது போதாது.

பாலையும் விட்டிருந்தால் இந்த வாரமே அதையும் ஆரம்பிக்காதீர்கள். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை பலருக்கு வயதாக ஆகச் செரிக்காது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு குடித்தால் வாயுவும் பேதியும் வரலாம். முட்டையும் பாலும் ஒன்றாக வந்தால் பழி தவறான இடத்தில் விழும். நான்கு வாரம் முடிந்த பிறகு தயிரில் தொடங்குங்கள். அது பாலைவிட எளிதாகச் செரிக்கும்.

இரண்டாவது வாரம்: சின்ன மீன்

இந்தப் பட்டியலில் எங்கள் முதல் பரிந்துரை மத்தி. சாளை என்றும் சொல்வார்கள். மூன்று மத்தி சாப்பிட்டால் ஒரு நாளைக்குத் தேவையான பி12 (பெரியவர்களுக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம்) தாண்டிவிடும். ஒமேகா 3 கொழுப்பும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. சின்ன மீன் என்பதால் வஞ்சிரம், சுறா மாதிரி பெரிய மீன்களில் சேரும் பாதரசக் கவலையும் குறைவு. மத்தியின் வாடை பிடிக்காதவர்கள் சங்கராவிலோ கிழங்கானிலோ தொடங்கலாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு வேளைக்குச் சதை மட்டும் 40 முதல் 50 கிராம். குழம்பில் புளியும் மிளகாய்த்தூளும் வழக்கத்தில் பாதி; பொரிப்பதற்குப் பதில் குழம்பாகவோ, வாழையிலையில் சுற்றித் தோசைக்கல்லில் சுட்டோ சாப்பிடுங்கள்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் எழும்ப வேண்டும். மத்தி, அயிலை, சூரை ஆகியவற்றை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். மீனே ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் இந்த இடத்தில் தவறாக முடிவு செய்துவிடுகிறார்கள். இறாலும் நண்டும் வேறு கணக்கு. அவற்றுக்கு உண்மையான ஒவ்வாமை வருவது சகஜம், ஆகவே கடைசியில், அதுவும் ஒரே ஒரு இறாலில் ஆரம்பியுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனை.

கருவாட்டுக்கு இப்போது அவசரம் வேண்டாம். அதிலுள்ள உப்பு ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.

மூன்றாவது வாரம்: கோழி

வாடைதான் பலருக்குத் தடை. நாக்கு கேட்கும், மூக்கு மறுக்கும். இதற்குச் சூப்பைவிட நல்ல வழி கிடையாது.

எலும்போடு தோல் நீக்கிய கோழி 150 கிராம், தண்ணீர் முக்கால் லிட்டர், தட்டிய சின்ன வெங்காயம் ஏழெட்டு, பூண்டு நான்கு பல், சின்னத் தக்காளி ஒன்று, இடித்த மிளகும் சீரகமும் தலா அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு. எண்ணெயே வேண்டாம். குக்கரில் பிராய்லர் என்றால் மூன்று விசில், நாட்டுக்கோழி என்றால் ஆறேழு. ஆவி அடங்கியதும் பத்து நிமிடம் அப்படியே விட்டால் கொழுப்பு மேலே மஞ்சள் வட்டங்களாக மிதக்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். முதல் நாள் தெளிந்த சாறு ஒரு டம்ளர் மட்டும், இட்லியோடோ ரசம்போலச் சாதத்தில் பிசைந்தோ. ஒரு நாள் விட்டு, சாறோடு 30 கிராம் சதையை நாராகப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுங்கள். வார முடிவில் 50 கிராம்.

சூப்பில் சத்து கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்து அதோடு நிறுத்திவிட வேண்டாம். கோழிச் சூப்பானாலும் ஆட்டுக்கால் சூப்பானாலும் சாறில் இரும்பும் கால்சியமும் சொற்பம். சத்து சதையில் இருக்கிறது. கோழிச் சதையிலும் பி12 குறைவுதான், 100 கிராமில் 0.3 மைக்ரோகிராம் அளவுக்குத்தான் தேறும். தினமும் கோழி சாப்பிட்டும் சோர்வு போகவில்லை என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வருடக்கணக்கில் கறி புழங்காத சமையலறையில் கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கும். கறி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்கக் கூடாது. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி தெறித்துப் பாத்திரமெல்லாம் பரவும். கழுவியே ஆக வேண்டும் என்றால் அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றி மெதுவாக அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். ஃபிரிட்ஜில் பச்சைக் கோழி இரண்டு நாள்வரைதான். சமைத்த குழம்பை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். காய்ச்சலோடு பேதி வந்தால் காரணம் பெரும்பாலும் கிருமி. வயிறு கறியைச் செரிக்காததால் காய்ச்சல் வராது.

நான்காவது வாரம்: ஆட்டுக்கறி

கொத்துக்கறியில் தொடங்குங்கள். மெல்லும் வேலை குறைவு, சீக்கிரம் செரிக்கும். கடைக்காரரிடம் தொடைக்கறியைக் காட்டி, வெள்ளைக் கொழுப்பை நீக்கிவிட்டுக் கண்ணெதிரே கொத்தித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொத்தி வைத்திருப்பதில் கொழுப்பும் சவ்வும் எவ்வளவு என்று தெரியாது. ஒருவருக்கு பச்சையாக 60 முதல் 70 கிராம். வெந்தால் கால்வாசி சுருங்கும். அதே அளவு பச்சைப் பட்டாணி சேர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சமைக்கலாம். அது ஒத்துக்கொண்ட பிறகு துண்டுக்கறி, குக்கரில் ஐந்தாறு விசில், விரலில் நசுங்கும் பதம் வரை.

ஆட்டுக்கறியின் இரும்பில் ஒரு பகுதியை உடம்பு மிக எளிதாக எடுத்துக்கொள்ளும். அதோடு, கூடச் சாப்பிடும் பருப்பு, கீரையிலுள்ள இரும்பையும் கூடுதலாக உறிஞ்சவைக்கும். 50 கிராம் கறியை முருங்கைக்கீரைப் பொரியலோடு சாப்பிட்டு எலுமிச்சை பிழிந்துகொள்வது, 200 கிராம் கறியை வெறும் சோற்றோடு சாப்பிடுவதைவிடப் புத்திசாலித்தனம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஈரல் வாரம் ஒரு தடவை 50 கிராம் போதும். வைட்டமின் ஏ அதில் மிக அதிகம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ஈரலைத் தவிர்க்க வேண்டும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எல்லாம் சேர்த்து வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாசேஜ், சலாமி மாதிரி பதப்படுத்தியவற்றைப் பழக்கத்துக்கே கொண்டுவராதீர்கள். அவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்திவிட்டது.

காய்கறியை விட்டுவிடாதீர்கள்

இத்தனை நாள் பழகிய நார்ச்சத்துதான் நீங்கள் வைத்திருக்கும் பெரிய சொத்து. கறிக்குழம்பு வைத்தால் தொட்டுக்கொள்ள வறுவல், அதோடு முடிந்தது என்பது நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வழக்கம். மறுநாள் மலச்சிக்கல் வருவது அதனால்தான். கறியையும் காயையும் ஒரே சட்டியில் போடும் சமையல் நம்மிடம் ஏராளம்: முள்ளங்கி போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு, இறால் சுரைக்காய், பருப்பும் எலும்பும் கத்திரிக்காயும் வாழைக்காயும் சேர்ந்து வேகும் தால்சா. இவற்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதியில் பருப்பும் கறியும்.

முதல் இரண்டு மூன்று தடவை வயிறு கனமாக இருப்பதும் லேசான வாயுவும் இயல்பு. அளவைப் பாதியாக்கி மூன்று நாள் கழித்துத் தொடருங்கள். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே சுருக்கென்று வலித்துத் தோள்பட்டை வரை பரவினால் பித்தப்பையை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். வீகன் காலத்தில் வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தக்கல் வரும் வாய்ப்பு கூடுதல்.

உயிர்களை நினைத்து அசைவத்தை விட்டவர்கள் நான்கு வாரத்தையும் முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. முட்டையோடும் மத்தியோடும் நிற்கலாம். மூளையே இல்லாத உயிர் என்பதால் கடலோர ஊர்களில் கிடைக்கும் மட்டிச் சிப்பியை மட்டும் ஏற்றுக்கொள்பவர்களும் உண்டு. பி12 அதில் மிக அதிகம். சாக்கடை கலக்கும் முகத்துவாரத்தில் எடுத்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மனம் ஒப்பாமல் விழுங்குவது உடம்பில் ஒட்டாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒப்புகிற இடத்தில் நின்றுகொண்டு, பாக்கியை மாத்திரையால் ஈடுகட்டுவது முற்றிலும் சரியான முடிவு.

மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனை நிலையத்தில் அதே பட்டியலை மறுபடி பாருங்கள். ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்கு மேல் ஏறவில்லை என்றால் கறியின் அளவைக் கூட்டாதீர்கள். பெண்களுக்கு மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மூலம், குடற்புழு என்று ரத்தம் எங்கே போகிறது எனத் தேடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு ஏறியிருந்தால் முதலில் குறைக்க வேண்டியது ஆட்டுக்கறியின் வெள்ளைக் கொழுப்பும் குழம்பில் அரைத்து ஊற்றும் தேங்காயும். மீனில் கைவைக்க வேண்டாம்.