பக்கவாதம் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: கூட்டம் கலைந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருக்கும், ஹார்லிக்ஸும் ஆப்பிளும் குவியும். மூன்றாவது மாதம் பார்த்தால் மனைவியோ மருமகளோ ஒருத்தர்தான் மிச்சம். அதனால் "என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேலையைப் பேர் போட்டுப் பிரித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுவது தம்பி, மாத்திரை வாங்கி வருவது மச்சான், வாரத்தில் ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அத்தை, அந்த நேரத்தில் நீங்கள் வெளியே போய் வரலாம், சும்மா தூங்கலாம். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பிசியோ. ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் தேறாது என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். முதல் சில மாதம் வேகமாகத் தெரிகிற முன்னேற்றம் பிறகு மெதுவாகும், ஆனால் பயிற்சி தொடர்ந்தால் அதற்குப் பிறகும் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள், பிரஷர், சுகர் மாத்திரையும் தருகிறார்கள். சேலம் அம்மாபேட்டையோ ஏற்காட்டு எஸ்டேட்டோ, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பேரைப் பதியுங்கள். அவர்கள் தினமும் வர முடியாது என்பதால் வரும்போது பயிற்சியைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் மற்ற நாட்களில் பார்த்துச் செய்யலாம்.

தூக்கி உட்கார வைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோளில் மூட்டு லேசாக நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைத்து மற்றதைப் பின்னால், கழற்றும்போது விழுந்த கை கடைசியில். மலைக்குளிரில் கை, கால் விறைப்பு கூடும், உடனே வெந்நீர் ஒத்தடம் கொடுக்கத் தோன்றும். ஆனால் உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு உறைக்காது, கொப்பளித்த பிறகுதான் நமக்கே தெரியும், எனவே உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லிப் பலர் வருவார்கள். அதனால் நரம்பு திரும்பாது. அதை நம்பி பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையையும் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாக, முடித்ததும் அரை மணி நேரம் அப்படியே. சோற்றை விடத் தண்ணீர்தான் சுலபமாகப் புரையேறும். சாப்பிடும்போது இருமலோ கரகரத்த குரலோ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும்.

பேச்சு போய்விட்டதென்றால் புத்தியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. "என்ன சாப்பிடுறீங்க?" என்பதை விட "காப்பி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் தலையசைக்கும்வரை காத்திருங்கள். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள். காரணமில்லாமல் அழுதாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ அது வீம்பு இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு சகஜம், அதற்கும் மருந்து இருக்கிறது. மனநல உதவி எண் 14416-க்கு அவருக்காகவும் கூப்பிடலாம், உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று டாக்டர் சான்று தந்தால் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும். என்னென்ன உதவி உண்டு என்று கலெக்டர் ஆபீஸிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அவரைக் கூட்டி வருவது லேசான வேலையில்லை, ஆகவே செக்கப்பையும் சான்று வேலையையும் ஒரே நாளில் வையுங்கள்.

மறுபடி வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ உடனே 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, மலையில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து அவருக்குப் பிரஷர் பார்க்கும்போது நீங்களும் கையை நீட்டுங்கள், கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரை எழுதித் தந்தால் அவருக்கு வாங்கும் அன்றே உங்களுக்கும் வாங்கிவிடுங்கள்.