"இந்திய-மலாய" என்ற அடைமொழியை எங்கே, எப்படி எழுதுவது?

பினாங்கில் குடும்ப வரலாறோ கோயில் மலரோ எழுத உட்காரும் நம்மவர்கள் பலர், "இந்திய-மலாய" என்ற அடைமொழியைக் கண்ட இடத்திலெல்லாம் வைத்துவிடுகிறார்கள். இந்தியாவிலும் மலாயாவிலும் ஒருசேர வேர்கொண்டது என்பதே அதன் பொருள். அங்கிருந்து இங்கு வந்தது என்பதன்று.

எழுதுமுன் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "இரு நிலத்திலும் வேர்கொண்ட" என்று விரித்து வாசித்துப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய தாத்தாவுக்கு அந்த விரிவு பொருந்தாது. அவர் மலாயாத் தமிழர். அவருடைய பேரப்பிள்ளைகள் மலேசியத் தமிழர். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் இங்குள்ள மலாய்ப் பெண்களை மணந்து உருவான ஜாவி பெரானாக்கான் சமூகத்துக்கோ அது அப்படியே பொருந்தும். ஆயினும் அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரை முதலில் எழுதி, அதன் பிறகே "இந்திய-மலாய மரபினர்" என்று விளக்குவதுதான் மரியாதை.

இடைக்கோட்டை விட்டுவிடாதீர்கள். "இந்திய மலாயா" என்று எழுதினால் இந்தியாவுக்கு உரிய மலாயா என்று பொருள் திரிந்துவிடும். இரண்டும் சமமாக நிற்கும் உம்மைத்தொகை என்பதைக் கோடுதான் கண்ணுக்குக் காட்டுகிறது. இந்தியா "இந்திய" ஆவதுபோல மலாயா "மலாய" ஆகிறது. மலாய் என்பது மொழிக்கும் இனத்துக்கும் பெயர். மலேசியாவோ 1963 செப்டம்பர் 16 அன்று உருவான நாடு. ஆகவே 1930-களின் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும்போது "இந்திய-மலேசிய" என்று எழுதுவது பிழை.

உயிரியலில் இச்சொல்லுக்கு வம்சத் தொடர்பே இல்லை. அங்கே அது இந்தியத் துணைக்கண்டம் முதல் பாலித் தீவு வரை பரந்த ஒரு மண்டலத்தின் பெயர். ஆசிய யானை அந்த மண்டலத்து விலங்கு. பாலிக்கு அடுத்த லொம்போக் தீவு, ஆசிய விலங்கினங்களின் எல்லையாக உயிரியலார் வகுத்த வாலஸ் கோட்டுக்கு அப்பால் இருப்பதால் அதில் சேராது.

இரவல் சொற்களுக்கும் இந்த அடைமொழி வேண்டாம். மலாயில் "கெடாய்" நம் கடை, "காப்பால்" நம் கப்பல்; அவை தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்கள், அவ்வளவே.

ஒருமுறை நான் திருத்திய கட்டுரையில் "நாசி கண்டார் ஓர் இந்திய-மலாய உணவு" என்றிருந்தது. நாசி என்பது மலாயில் சோறு. கண்டார் என்பது தடியின் இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பது. அப்படிச் சுமந்து வந்து குழம்பும் சோறும் விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். பெயர் ஒரு மொழி, கைப்பக்குவம் ஒரு மரபு, பிறந்த இடம் பினாங்கு. அடைமொழியை அடிக்காமல், இந்த விளக்கத்தை அடுத்த வரியில் சேர்த்தேன்.