கல் தெறித்துப் பெயின்ற் பெயர்ந்த இடங்களை வீட்டிலேயே சீர்செய்தல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கோ, மாங்குளத்திலிருந்து துணுக்காய்ப் பக்கமோ அடிக்கடி ஓடும் காரின் முன்பக்கத்தைக் காலை வெளிச்சத்தில் சற்றுக் குனிந்து பார்த்தால், பொனற்றின் முன் விளிம்பிலும் பம்பரிலும் பக்கக் கண்ணாடிகளின் முதுகிலும் கடுகளவும் மிளகளவுமாகப் பெயின்ற் பெயர்ந்த புள்ளிகள் தெரியும். ஏ9 வீதி காபெற் வீதியாகிவிட்டபோதிலும், அதிலிருந்து கிராமங்களுக்குள் இறங்கும் வீதிகளில் பல இன்னும் கிரவல் வீதிகளாகவே இருக்கின்றன. மணலும் கிரவலும் ஏற்றிச் செல்லும் ரிப்பர்களின் சில்லுகளிலிருந்து தெறிக்கும் கற்களே இந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் சில்லு வளைவுகளின் ஓரத்திலும் உள்ள புள்ளிகள் நமது சொந்தச் சில்லுகளே தெறிக்கவிட்டவை.

கோடை மாதங்களில் இந்தப் புள்ளிகள் பெரிதாக மாறாமல் கிடப்பதால் பலரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஐப்பசியில் மாரி தொடங்கி மார்கழி வரை ஈரம் விடாமல் இருக்கும்போது, வெளித்தெரியும் தகட்டில் பிடிக்கும் துரு, சுற்றியுள்ள பெயின்றின் அடியால் ஊர்ந்து செல்லத் தொடங்குகிறது. முல்லைத்தீவு, மன்னார் கரையோரங்களில் உப்புக் காற்று இதை மேலும் விரைவுபடுத்தும். ஆகவே, இந்த வேலையின் முதல் நோக்கம் தகட்டில் நீரும் காற்றும் படாமல் அடைப்பதே. நிறம் பொருந்துவது இரண்டாவது நோக்கம்தான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால், ஒரு முழ தூரத்தில் நின்று உற்றுப் பார்க்கும்போது இலேசாகத் தெரியும் ஒரு பொட்டு உங்களைச் சோர்வடையச் செய்யாது.

காரின் மேற்பரப்பு ஒரே பூச்சு அன்று. தகட்டின்மீது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம் பிடித்து நிற்க உதவும் பிரைமர், அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் என நான்கு படைகள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்தாலும், தொழிற்சாலையில் பூசப்பட்ட காரில் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரையான தடிப்பே இருக்கும். அதாவது, ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அதில் கிளியரின் பங்கு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன். பின்னால் வோட்டர் பேப்பரை (நீர் தொட்டுத் தேய்க்கும் உரைதாளை) கையில் எடுக்கும்போது இந்த அளவை மறந்துவிடக் கூடாது.

முதலில் காயத்தின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். புள்ளியின்மீது ஒரு துளி நீர் விட்டதும் அந்தப் புள்ளி கண்ணுக்கு மறைந்துவிடுமானால், பாதிப்பு கிளியரோடு நின்றிருக்கிறது, பொலிஷ் போதும். உள்ளே சாம்பல் அல்லது வெள்ளை நிறம் தெரிந்தால் பிரைமர் இன்னும் இருக்கிறது. நிறமும் கிளியரும் மட்டும் தேவைப்படும். மினுங்கும் தகடோ பழுப்புத் துருவோ தெரிந்தால் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். பம்பர் பிளாஸ்ரிக்கால் ஆனது, அது துருப்பிடிக்காது. எனவே, நேரம் குறைவாக இருந்தால் பம்பரை விட்டுவிட்டுப் பொனற்றையும் கதவுகளையும் சில்லு வளைவுகளையும் முதலில் பாருங்கள்.

நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்குவது சரிவராது. பெரும்பாலான கார்களில் அவற்றின் நிறக் குறியீடு ஒரு சிறு தகட்டிலோ ஒட்டுத்தாளிலோ குறிக்கப்பட்டிருக்கும். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரிலோ அதைத் தேடுங்கள். ரொயோட்டா கார்களில் ‘சி/ரிஆர்’ (C/TR) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் வரும் முதல் பகுதிதான் நிறக் குறியீடு. வெறும் பார்வைக்கு இரண்டும் வெள்ளையாகவே தெரிந்தாலும், 040 என்பது சாதாரண வெள்ளை, 070 என்பது முத்து மினுக்கம் கொண்ட பேர்ள் வெள்ளை. பேர்ள் நிறங்களில் அடி வெள்ளை, முத்துப் படை, கிளியர் என மூன்று படிகள் இருப்பதால் அவற்றை வீட்டில் முழுமையாகப் பொருத்துவது கடினம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாகனப் பெயின்ற் கலந்து தரும் கடைக்குச் செல்லும்போது குறியீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துச் செல்லுங்கள். நமது வெயிலில் பல ஆண்டுகள் நின்ற கார் சற்று வெளுத்திருக்கும் என்பதால், வாங்கிய நிறத்தை ஒரு வெள்ளை அட்டையில் பூசிக் காயவிட்டு, காரோடு சேர்த்துப் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்த பின் தெரியும் நிறம் ஆகாது.

வாயிற்கதவுக்குப் பூசிய எனமலில் மிச்சம் இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்த எண்ணுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் சார்ந்த எனமல் மெதுவாகவே இறுகும். அதன்மேல் தின்னர் கலந்த வாகனப் பெயின்ற் பட்டால் அடியிலுள்ள எனமல் படை சுருங்கிச் சுருக்கம் விழும். கடைகளில் கிடைக்கும் சாதாரண ரெட் ஒக்சைட் பூச்சுக்கும் இதே குறை உண்டு. நிறமற்ற நகப்பூச்சு மழைக்கு முந்திய அவசர அடைப்பாகச் சில வாரங்கள் உதவலாம். ஆயினும் வெயிலில் மஞ்சளித்து உரிந்துவிடும் என்பதால் அதை முடிவான வேலையாகக் கொள்ள முடியாது.

காலத்தையும் இடத்தையும் தெரிவுசெய்வதில் வன்னியில் தனிக் கவனம் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி ஈரப் பெயின்றில் வந்து ஒட்டும். மாரியில் காற்றின் ஈரப்பதத்தால் பூச்சு வெண்மை படர்ந்து மங்கும். மாசி, பங்குனிக் காலைகள் மிகவும் ஏற்றவை. அவற்றைத் தவறவிட்டால் புரட்டாதியில், மழை பிடிக்குமுன், காற்றடங்கிய ஒரு காலையைப் பாருங்கள். நண்பகல் வெயிலில் நின்ற தகட்டின்மீது ஒருபோதும் பூசக் கூடாது. தகடு சுடும்போது பெயின்ற் பரவுவதற்கு முன்பே மேற்பரப்பு காய்ந்து, உள்ளே அகப்பட்ட தின்னர் கொப்புளமாக வெளிவரும். நிழல் வேண்டும் என்று வேப்பமரத்தின் கீழ் நிறுத்துவதும் சரியன்று. பங்குனியில் அரிசிமணி போன்ற அதன் பூக்கள் உதிர்ந்து ஈரத் துளியின் நடுவிலேயே விழும். கூரையுள்ள கொட்டில் அல்லது போர்ட்டிக்கோ போதுமானது. ஆனால் தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது, காற்றோட்டம் இருக்க வேண்டும்.

காரைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். பல கிணறுகளின் நீர் கடினமானது. தானாகக் காயவிட்டால் வெண்புள்ளிகளாகச் சுண்ணாம்பு படியும். பிறகு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோலைப் பஞ்சில் நனைத்துப் புள்ளியையும் சுற்றுப்புறத்தையும் துடைத்து, பழைய மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் அகற்றுங்கள். அடுத்து, புள்ளியின் ஓரத்தில் பிடிப்பில்லாமல் தூக்கி நிற்கும் பெயின்றை ஊசி முனையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உதிர்வதை உதிரவிடுங்கள், தளர்ந்த ஓரத்தின்மேல் பூசியது அந்த ஓரத்தோடேயே பெயர்ந்து போகும். துரு இருந்தால், நெருப்புக்குச்சியின் நுனியில் ஒட்டிய சிறு வோட்டர் பேப்பர்த் துண்டால், தகடு மினுங்கும்வரை பள்ளத்துக்குள் மட்டும் தேயுங்கள். குழிகளில் எஞ்சும் துருவுக்குத் துருமாற்றித் திரவம் ஒரு துளி விடலாம். அதிலுள்ள பொஸ்போரிக் அமிலமோ டானிக் அமிலமோ துருவைக் கறுத்த, உறுதியான சேர்வையாக மாற்றும். போத்தலில் குறித்த நேரம் வரை காத்திருந்து, துடைத்து, முழுமையாகக் காயவிடுங்கள்.

தகடு தெரியும் இடத்துக்குப் பிரைமர் கட்டாயம். ஸ்பிறே ரின்னில் மட்டுமே பிரைமர் கிடைத்தால், அதை அதன் மூடிக்குள் சிறிது அடித்து அதிலிருந்து தொட்டுப் பூசலாம். காரின்மேல் நேரடியாக அடிக்க வேண்டாம். பெயின்ற் போத்தலோடு வரும் தூரிகை பெரும்பாலும் மிகத் தடித்தது. பனை ஈர்க்கின் நுனியைச் சாய்வாகச் சீவி எடுத்தால், கடுகளவுப் புள்ளிக்கு அதைவிட நல்ல கருவி தேவையில்லை. நுனியில் ஒரு சிறு துளி எடுத்து, பள்ளத்தின் நடுவில் தொட்டு, துளி தானாக ஓரம்வரை பரவும்படி விடுங்கள். வெளியே வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். பிரைமர் மெல்லிய ஒரு படையாக, மேற்பரப்பைவிடத் தாழ்ந்தே இருக்கட்டும். மேலே நிறத்துக்கும் கிளியருக்கும் இடம் வேண்டும்.

பிரைமர் காய்ந்த பின் நிறம். போத்தலை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். மெற்றாலிக் நிறங்களில் அலுமினியத் துகள் அடியில் படிந்திருப்பதால், குலுக்காமல் எடுத்தால் கறுத்த நிறமே வரும். ஈரத் துளி முதலில் பள்ளத்தை நிரப்பிக் குமிழாக நிற்கும். அரைமணி நேரத்தில் தின்னர் ஆவியாகி நடுவில் குழி விழும். இதைக் கண்டு ஒரேயடியாக அதிகம் விட வேண்டாம். ஒவ்வொரு படைக்கும் இடையில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் விட்டு, இரண்டு மூன்று மெல்லிய படைகளாக நிரப்புங்கள். நிறம் சுற்றுப்புறத்தைவிட மயிரிழை தாழ்ந்து நிற்கும்போது நிறுத்தி, அடுத்த நாள் கிளியரை அதே முறையில் சற்று மேடாக வரும்வரை வையுங்கள். பூச்சை இறுகச் செய்யும் ஹார்ட்னர் கலந்து பயன்படுத்தும் இருபகுதிக் கிளியர் ஸ்பிறேக்களில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேற் இருப்பதால், அவற்றுக்குரிய முகக்கவசம் இல்லாமல் வீட்டில் தொடக் கூடாது.

மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவது விருப்பத்துக்குரியது. வெள்ளைக் காரில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை; சிறு மேடு யாருக்கும் தெரியாது, ஆனால் கிளியரைத் தேய்த்து அறுத்துவிட்டால் முழுப் பொனற்றையும் பூச வேண்டிவரும். கறுப்பு, கடுநீலக் கார்களில் தேய்க்கத்தான் வேண்டுமெனில், குறைந்தது ஒரு வாரம் இறுகவிடுங்கள். அழிறப்பரில் ஒரு சிறு துண்டை வெட்டி, அதில் 2000 இலக்க வோட்டர் பேப்பரைச் சுற்றி, சவர்க்கார நீர் தொட்டு மேட்டின்மீது மட்டும் சில தடவை இழுங்கள். உடனே துடைத்துப் பாருங்கள்: மேடு மங்கி, சுற்றுப்புறம் இன்னும் மினுங்கினால் தொடரலாம்; சுற்றுப்புறமும் மங்கத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். பிறகு 3000 இலக்கத்தால் மென்மையாக்கி, பொலிஷ் இட்டு மினுக்குங்கள். பொனற்றின் விளிம்பிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு மெல்லியது. அங்கே தேய்க்கவே வேண்டாம்.

சில கார்கள் முன்பே விபத்துக்குள்ளாகி, நெளிவை நிரப்பும் பசையான புட்டி வைத்துப் பூசப்பட்டவை. மெல்லிய துணி சுற்றிய காந்தம் அக்கம்பக்கத்தில் இழுக்கும் அளவுக்கு ஓரிடத்தில் இழுக்கவில்லையென்றால், அடியில் புட்டி இருக்கலாம். அத்தகைய இடத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது பெயின்றும் சேர்ந்து வரும். பெயின்றின் அடியில் கொப்புளமாக எழும்பிய துருவும் வீட்டு வேலை அன்று. அதற்கு டிங்கரிங் (வாகனத் தகட்டைச் சீர்செய்யும்) வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, பூசுவதற்கு முன் சுத்தமாக்கிய தகட்டை உங்களுக்குக் காட்டும்படி கேளுங்கள்.

வேலை முடிந்த பின் ஒரு மாதத்துக்கு மெழுகு போடாதீர்கள், சேர்விஸ் நிலையத்தில் அழுத்த நீர்க் குழாயை அந்த இடத்துக்கு அருகில் பிடிக்கவும் விடாதீர்கள். மீதிப் பெயின்றை, நிறக் குறியீடும் வாங்கிய திகதியும் எழுதி, வாயை இறுக மூடி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் விரைவில் கெட்டியாகிவிடும். மாரியின் முதல் மழைகள் பெய்து ஓய்ந்ததும் பூசிய ஒவ்வொரு புள்ளியையும் மறுபடி பாருங்கள். ஓரத்தில் மெல்லிய பழுப்பு வளையம் தோன்றியிருந்தால் உள்ளே துரு எஞ்சியிருக்கிறது என்று பொருள். அதன்மேல் இன்னொரு படை வைக்காமல், காய்ந்த ஒரு நாளில் தகடுவரை சுரண்டி மீண்டும் தொடங்குங்கள்.