"பக்கத்து வயலுக்குள்ளதான் விழுந்தது": விண்கல் விசயத்தில் விடும் பிழைகள்

வன்னியில் எரிநட்சத்திரத்தை அதிகம் காண்பவர்கள் வயல் காவலுக்குப் பரணில் இருப்பவர்கள்தான். யானைக்காக விழித்திருக்கும் கண்ணுக்கு வானமும் தப்பாது. விடிந்ததும் அவர்கள் அநேகமாகச் சொல்வது, "பக்கத்து வயலுக்குள்ளதான் விழுந்தது." அவர்கள் பொய் சொல்லவில்லை, கண் அப்படித்தான் காட்டும். ஆனால் அந்த ஒளி பெரும்பாலும் 80 முதல் 120 கிலோமீற்றர் உயரத்தில் எரிந்து முடிந்திருக்கும். கல் தரைக்கு வருவதாக இருந்தாலும், அநேகமாகச் சுமார் 20 கிலோமீற்றர் உயரத்திலேயே ஒளி அணைந்துவிடும். மிச்சம் இருட்டில்தான் விழும்.

ஓரிடத்தில் நின்றுகொண்டு தூரம் சொல்வதுதான் பெரிய பிழை. கிளிநொச்சியில் நிற்பவர் ஓர் ஒளியைக் கிழக்கே காண்கிறார், முல்லைத்தீவுக் கரையில் நிற்பவர் அதையே மேற்கே காண்கிறார் என்று வையுங்கள். இடையில் சுமார் 45 கிலோமீற்றர். இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் அது எரிந்தது. விஞ்ஞானிகள் செய்வதும் இதுதான்: தூரத் தூர இடங்களில் கமராக்களை வைத்து ஒரே ஒளியைப் படம் பிடிப்பார்கள். பழைய கமராக்களில் வில்லைக்கு முன்னால் ஒரு தகடு சுழலும். அது ஒளிக்கோட்டைத் துண்டு துண்டாக வெட்டும், துண்டின் நீளத்திலிருந்து வேகம் வரும். 1959 ஏப்ரல் 7 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பிரிப்ராமில் இப்படிப் படம் பிடிபட்ட ஒன்றின் கற்களும் கிடைத்தன. விழுந்த ஒரு கல் சூரியனைச் சுற்றிய பாதையைப் படங்களை வைத்துக் கணித்தது அதுதான் முதல் தடவை. ஆகவே அடுத்த முறை நேரத்தையும், எந்தப் பனைக்கு மேலே என்பதையும் குறித்துவையுங்கள். கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை. அடிவானிலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எண்ணுங்கள்.

வெளிச்சம் பெரிதென்றால் கல்லும் பெரிது என்பது அடுத்த பிழை. ஒரு நெல்மணியளவு துணிக்கையே நன்றாகத் தெரியும், ஏனென்றால் வேகம் அப்படி. நவம்பரில் வரும் சிம்மப் பொழிவின் எரிநட்சத்திரங்கள் செக்கனுக்கு 71 கிலோமீற்றர் வேகத்தில் வரும், டிசம்பரில் வரும் மிதுனப் பொழிவில் சுமார் 35. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. அதனால் வேகம் தெரியாமல் ஒளியை மட்டும் வைத்து நிறை சொல்ல முடியாது. டிசம்பர் எங்களுக்கு மாரிகாலம், முகில் மூடிவிடும். ராடருக்கு அந்தக் கவலை இல்லை, கல் விட்டுச்செல்லும் மின்னேறிய தடத்தில் வானொலி அலை பட்டுத் திரும்பும்.

சூடு உராய்வால் வருகிறது என்பதும் சரியில்லை. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சுடுமே, அதுதான் நடக்கிறது: கல்லுக்கு முன்னால் காற்று நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது.

எல்லாம் கல் என்றும் நினைக்க வேண்டாம். இரும்பு என்றால் கன சென்ரிமீற்றருக்கு 8 கிராமுக்குக் கிட்ட, சாதாரண விண்கல் சுமார் 3.5, வால்வெள்ளித் தூசு 1 கிராமுக்கும் குறைவாக இருக்கலாம். எந்த உயரத்தில் உடைகிறது, எவ்வளவு விரைவில் வேகம் குறைகிறது என்பதிலிருந்து இதைக் கணிக்கிறார்கள்.

பெரிய ஒளியைக் கண்டால் கண்ணாடி யன்னலருகே போக வேண்டாம். 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் ஒளியைக் கண்டு யன்னலுக்கு ஓடியவர்கள் மீது, சற்றுப் பிந்தி வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்துக் கொட்டியது. அன்று ஏறக்குறைய 1500 பேர் காயப்பட்டார்கள். வெளிச்சத்துக்குப் பின்னால்தான் சத்தம் வரும் என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கிடைத்த கல் விண்கல்லா என்று காந்தம் பிடித்துப் பார்ப்பதும் பிழை. கல்லுக்குள் பல கோடி ஆண்டுகளாகப் பதிந்திருக்கும் காந்தத் தடம் அதனால் அழிந்துபோகும். வன்னியில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. எங்கள் மண்ணில் கறுத்து, துருப்பிடித்து, பாரமாகக் கிடப்பது விண்கல்லாக இருப்பதைவிட செல் துண்டாகவோ வெடிக்காத குண்டாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். கிண்டாதீர்கள், தடியால்கூடத் தட்டாதீர்கள். வந்த வழியே திரும்பி வந்து விதானையாரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.